ஆந்தை வந்த வீடுகள்

வீட்டுக் கம்ப்யூட்டர் டாக்டர் என்று ஓர் இனம் உண்டு. இவர் இதை எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். எந்தக் கடையிலும் வேலை பார்த்துக் கற்றவரும் அல்லர். என்றைக்கோ ஒரு நாள், யாரோ ஓர் உறவினர் வீட்டில் மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்த பிரிண்டரின் ஒயர் கழன்றிருப்பதைப் பார்த்து அதைச் சொருகியிருப்பார். அவ்வளவுதான். பிரிண்டர் முனகிக்கொண்டு ஒரு தாளை வெளியே தள்ளிய அந்த நிமிடமே பட்டம் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் அந்த உறவு வட்டத்தில் யார் வீட்டுத் திரையில் எது மினுக்கினாலும் இவருக்குத்தான் போன். உங்களுக்கும் ஒருவர் ஞாபகம் வந்திருப்பாரே? நல்லது. அவர் முகத்தையே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வர்ணிக்கிற வேலை மிச்சம்.

நான் சொல்லப்போகிற டாக்டர் ஒரு குழாய்க் கம்பெனியின் கிடங்கில் வேலை பார்ப்பவர். உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய், வளைந்த குழாய், வளையாத குழாய் எல்லாவற்றையும் பதிவு செய்வது அவர் உத்தியோகம். அங்கேயும் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் அதற்கென்று கம்பெனி ஒரு ஆளை வைத்திருக்கிறது. அந்த ஆள் நம் டாக்டரை ஒரு ஒயரைக்கூடத் தொட விடுவதில்லை. "சார், நீங்க கையை எடுங்க சார்" என்பதுதான் பத்து வருஷமாக அவர் ஆபீசில் கேட்டுவரும் மரியாதையான வாக்கியம். அதனால்தானோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்து, "டாக்டரா? நம்ம வீட்டுப் பெட்டி ஒரு மாதிரியா இருக்குப்பா" என்று பெரியப்பா குரல் கேட்டால், இவர் பாதித் தோசையோடு எழுந்து சட்டை மாட்டிவிடுவார்.

வைத்தியம் எப்படி நடக்கும் என்கிறீர்களா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முதல் கேள்வி வந்துவிடும்: "யாரு தொட்டது?" என்ன கோளாறு என்று கேட்க மாட்டார், எப்போதிலிருந்து என்றும் கேட்க மாட்டார், யார் தொட்டது என்பதுதான் அவருக்கு முக்கியம். வீட்டில் உள்ளவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பெரும்பாலும் அந்தச் சமயத்தில் வீட்டில் இல்லாதவர் பெயர் சொல்லப்படும். "அதான பாத்தேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, உயரத்தைக் கூட்டி, பிறகு குறைத்து, பத்து விரல்களையும் சொடுக்கி, மௌசை அதன் பழைய இடத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்து, திரையை உற்றுப் பார்த்து ஒரு நீண்ட "ம்ம்ம்" போடுவார். அந்த 'ம்ம்ம்' போதும், வீட்டுக்காரர்கள் நாற்காலியைச் சுற்றி நெருங்கி வந்துவிடுவார்கள்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் வெளியே வரும். இவருடைய மொத்த வைத்தியமும் அந்த ஒரு விரல் நீளத்துக்குள் இருக்கிறது. 'மின்னல் சுத்தி' என்று ஒரு மென்பொருள். இலவசம். எங்கே, எப்போது இறக்கினார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. அதை எல்லா நோய்க்கும் கொடுப்பார். பிரிண்டர் ஓடவில்லையா, மின்னல் சுத்தி. பாட்டு கேட்கவில்லையா, மின்னல் சுத்தி. அதைப் பொருத்தும்போது அவர் விரல்களைப் பார்க்க வேண்டும்! நெக்ஸ்ட், நெக்ஸ்ட், சம்மதம், நெக்ஸ்ட், ஓகே. பெட்டிகள் திரையில் தோன்றி முழுதாக விரிவதற்குள் சாத்தப்பட்டுவிடும். படிப்பதா? படிப்பது தெரியாதவர்கள் வேலை. கடைசியில், 'உங்கள் கணினியில் 1,312 பிரச்சினைகள் கண்டுபிடிக்கப்பட்டன' என்று சிவப்பு எழுத்தில் வரும். டாக்டர் நாற்காலியைத் திருப்பி வீட்டாரைப் பார்ப்பார். "ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு. இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் ஓட்டினீங்க?" வீடே தலை குனியும். டீ வரும்.

கிளம்பும்போது ஒரு சின்ன உபதேசம் செய்யாமல் போக மாட்டார். "கண்டதையும் கிளிக் பண்ணாதீங்க. எது வந்தாலும் படிச்சுப் பாத்துட்டுத்தான் அமுக்கணும். புரியுதா?"

இப்படிப்பட்டவருக்கு ஒரு புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அவர் அத்தானிடமிருந்து போன் வந்தது. குரலில் பதற்றம்.

"மச்சான், கொஞ்சம் அரை நாள் லீவு போட்டுட்டு வர முடியுமா? உங்க அக்கா விண்ணப்பம் போகவே மாட்டேங்குது. நாலு மணியோட கடைசி."

விஷயம் இதுதான். டாக்டரின் அக்கா ஒரு நர்ஸ். நாலு வருஷமாக மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் வேலை, விடுதியில் தங்கல், வாரத்துக்கு ஒரு நாள் வீடு. வீட்டில் அத்தானும் பன்னிரண்டு வயது மகளும் ஒருவரை ஒருவர் சமாளித்துக்கொண்டு வாழ்கிறார்கள். இடமாறுதல் கேட்பதற்கு வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் வழி திறப்பார்கள். இந்த வருஷம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்து ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலி. அந்த விண்ணப்பப் பக்கம் போனில் பாதி வரை வந்து நின்றுவிடும் ரகம். கம்ப்யூட்டரில்தான் அனுப்ப வேண்டும். சான்றிதழ்களும் அதில்தான் இருக்கின்றன. மகள் காலையில் பள்ளிக்குப் போகும்போது, "இன்னிக்கு அனுப்பிடுவேல்லம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

டாக்டர் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார்.

"யாரு தொட்டது?"

"நான்தான் தொட்டேன். என் விண்ணப்பம், நான்தான தொடணும்?" என்றாள் அக்கா. அவளிடம் இந்தக் கேள்விக்கு அவ்வளவாக மதிப்பில்லை.

டாக்டர் திரையைப் பார்த்தார். பிரவுசரைத் திறந்தால் வழக்கமான முகப்புப் பக்கம் இல்லை. கண்ணாடி போட்ட ஓர் ஆந்தை உட்கார்ந்திருந்தது. 'என்ன தேடுகிறீர்கள் நண்பரே?' என்று கேட்டு ஒரு கண்ணைச் சிமிட்டியது. ஆஸ்பத்திரி முகவரியை அடித்தால் ஆந்தை செருப்புக் கடைக்குக் கூட்டிப் போனது. திரும்பவும் அடித்தால் வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் எண்ணெய்க்குப் போனது. வலது மூலையில் அரை நிமிடத்துக்கு ஒரு தரம், 'எச்சரிக்கை! உங்களை யாரோ உளவு பார்க்கிறார்கள்! இங்கே அமுக்கவும்' என்று ஒரு பெட்டி துள்ளிக் குதித்தது.

"அட, ஆந்தை!" என்றார் டாக்டர், பழகிய நோயைப் பார்த்த திருப்தியோடு. "இது பெரியப்பா வீட்டுலயும் வந்துச்சு. சித்தி வீட்டுலயும். பக்கத்துத் தெரு வாத்தியார் வீட்டுலகூட. ஊரெல்லாம் இதான் இப்ப. அஞ்சு நிமிஷ வேலைக்கா, நீ போய் டீ போடு."

அக்கா டீ போடப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

மின்னல் சுத்தி ஓடியது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், சம்மதம், நெக்ஸ்ட். இந்த முறை 1,940 பிரச்சினைகள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டதாக அது பெருமை அடித்துக்கொண்டது. பிரவுசரைத் திறந்தார். ஆந்தை இருந்தது. கூடவே மேலே ஒரு புதுப் பட்டை, வானிலை சொல்வதற்கு. டாக்டர் நெற்றியைச் சுருக்கி, மின்னல் சுத்தி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு சுத்தியைப் பொருத்தினார். அது தன் பங்குக்கு ராசிபலன் சொல்லும் பட்டை ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டும் ஒன்றையொன்று வைரஸ் என்று காட்டிக்கொடுக்க, சண்டையைத் தீர்க்க மூன்றாவது வந்தது. மணி மூன்றே கால் ஆனபோது பிரவுசரின் மேலே ஆறு பட்டைகள் அடுக்கடுக்காக நின்றன. பக்கம் தெரிவதற்கு மிச்சம் இருந்தது தபால் பெட்டி வாய் அளவு இடம். அந்த இடுக்கு வழியாக ஆந்தையின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"மச்சான், முக்கால் மணி நேரந்தான் இருக்கு" என்றார் அத்தான். அவர் இதற்குள் நாலு முறை பால்கனிக்குப் போய் வந்துவிட்டார்.

"இது ரொம்ப உள்ள போயிடுச்சு அத்தான். முழுசா அழிச்சுட்டு முதல்லேர்ந்து போட்டாத்தான் சரி வரும்."

"சர்டிபிகேட்டெல்லாம் அதுலதானப்பா இருக்கு!"

டாக்டர் மௌசிலிருந்து கையை எடுத்தார். அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அவளுக்கு இந்த வருஷம் தவறினால் இன்னும் ஒரு வருஷம். அது அவருக்கும் தெரியும். சின்ன வயதில் இவருக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க ஈரத்துணி மாற்றியவள் அவள். அவளுக்கு ஒரே ஒரு உதவி செய்யக் கிடைத்த நாளில் கை இப்படிக் காலை வாருகிறதே என்று இருந்தது அவருக்கு.

"கொஞ்சம் எந்திரி" என்றாள் அக்கா.

"நான் பாத்துக்கறேன்க்கா..."

"எந்திரிடா."

எழுந்தார். பத்து வருஷ வைத்திய வாழ்க்கையில் நடுவில் நாற்காலியை விட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை.

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வார்டு. வார்டில் ஒரே மாதிரி புண் நாலு படுக்கையில் வந்தால், நாலு நோயாளிகளையும் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த நாலு படுக்கைக்கும் போய் வந்த கை யாருடையது என்று பார்ப்பார்கள். அவள் அவசரப்படாமல், கம்ப்யூட்டரில் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்ற பட்டியலைத் திறக்க வழி கேட்டாள். அதை டாக்டரே சொன்னார். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி இருந்தது.

"இன்னிக்குப் போட்டது போகட்டும். இதப் பாரு, போன மாசம் பன்னெண்டாம் தேதி. ஒரே நாள்ல ஏழு ஐட்டம். ஆந்தையும் அதுலதான் இருக்கு. ஏங்க, அன்னிக்கு இதுல யாரு உக்காந்தா?"

அத்தான் வாயைத் திறந்தார். மூடினார். டாக்டரைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

"அன்னிக்கு... பிரிண்டர் ஓடலைன்னு... உன் தம்பிதான் வந்து சரி பண்ணிட்டுப் போனாரு."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினாள். மருந்து கொடுக்கும் முன் சீட்டை மூன்று முறை படிக்கிற பழக்கம் அவளுக்கு. இங்கேயும் அதே கதை. ஒவ்வொரு பெட்டியையும் வாய்விட்டுப் படித்தாள். "'எங்களை விட்டுப் பிரிவதில் உங்களுக்கு வருத்தம் இல்லையா?' இல்லை. 'பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்' - இது பெருசா பச்சையில இருக்கு. 'நீக்கு' - இது பொடிசா, சாம்பல் கலர்ல. சரி, பொடிசுதான் நமக்கு." டாக்டரின் சுட்டுவிரல் தானாகத் துடித்தது. நெக்ஸ்ட் அடி, நெக்ஸ்ட் அடி என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். ஏனென்றால் அந்தப் பச்சைப் பெட்டியைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் அமுக்கிக்கொண்டிருந்தார்.

ஏழும் போயின, இன்று வந்தவையும் போயின. பிறகு பிரவுசரின் அமைப்புகளைத் திறந்து, அதில் ஒட்டிக்கொண்டிருந்த துணைச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூலையில் பெட்டி துள்ளுவதற்கு யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று தேடி அதையும் பிடுங்கி, முகப்புப் பக்கத்தைப் பழையபடி மாற்றினாள். பிரவுசரை மூடித் திறந்தாள். வெள்ளைப் பக்கம். ஆந்தை இல்லை. ஆஸ்பத்திரி முகவரியை அடித்தால் ஆஸ்பத்திரியே வந்தது.

மணி மூன்று முப்பத்தெட்டு. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். பக்கம் யோசித்தது, சுற்றியது, அத்தான் நகத்தைக் கடித்தார். மூன்று ஐம்பத்திரண்டுக்கு, 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று ஓர் எண் வந்தது. அக்கா அந்த எண்ணை மூன்று முறை படித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே டீ போடப் போனாள்.

டீ குடித்து முடித்ததும் அவள் கேட்டாள்: "அந்த மின்னல் சுத்தியை இன்னொரு தடவை போடு. மெதுவா. ரெண்டாவது பக்கத்துல நிறுத்து."

"ரெண்டாவது பக்கத்துல ஒண்ணும் இருக்காதுக்கா."

"நிறுத்தேன், பாப்போம்."

நிறுத்தினார். இரண்டாவது பக்கத்தில் ஏழு கட்டங்கள். ஏழிலும் டிக் அடித்தே வைத்திருந்தார்கள். 'ஆந்தையை என் முகப்புப் பக்கமாக்க விரும்புகிறேன்.' 'நான் பார்க்கும் பக்கங்களை உங்கள் நண்பர்களுக்குத் தெரிவிக்கச் சம்மதிக்கிறேன்.' 'எனக்கு விளம்பரங்கள் பிடிக்கும்.' எதையும் ஒளித்து வைக்கவில்லை. தெளிவாக, மரியாதையாக எழுதியிருந்தது. சில நூறு முறை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறார் டாக்டர். இன்றைக்குத்தான் அதன் முகத்தைப் பார்க்கிறார். ரத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு, பென் டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் ஏன் சொல்லப்போறேன்? ஆனா நீ போட்ட வீட்டுக்கெல்லாம் போய் நீயே எடுத்துட்டு வந்துடு."

அடுத்த ஞாயிறு டாக்டர் அழைப்பில்லாமலே கிளம்பினார். ஒரு சீட்டில் பதினோரு வீடுகளின் பட்டியல். போனதும் "யாரு தொட்டது?" என்று கேட்கவில்லை, "சும்மா ஒரு செக்கப்" என்று சொல்லிக்கொண்டார். பெரியப்பா வீட்டில் பட்டியலைத் திறந்தார். மின்னல் சுத்தி இல்லை, ஆந்தை இல்லை, பெட்டி பளிச்சென்று இருந்தது. வாத்தியார் வீட்டிலும் அப்படியே. தானாகவே சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. பரவாயில்லை, நம் வைத்தியம் அவ்வளவு மோசமில்லை என்றுகூட ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது.

மூன்றாவதாகச் சித்தி வீடு. அங்கேயும் சுத்தம். ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மூலைக் கடை ரிப்பேர்க்காரரின் போன் எண்ணும், கீழே பேனாவால் எழுதிய இரண்டு தேதிகளும். தேதிகளைப் பார்த்தார். இரண்டும் இவர் வந்து போன நாட்களுக்கு மறுநாள். யோசித்துப் பார்த்தால், பெரியப்பா வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் இதே மஞ்சளைப் பார்த்த மாதிரி இருந்தது.

"இது என்ன சித்தி?"

"அதா? அது... கேபிள்காரன் ஒட்டினது" என்றாள் சித்தி.

சித்தப்பாவுக்குப் பொய் வராது. "இன்னும் எத்தனை நாளைக்குடீ மறைப்பே? டேய், அந்த ஆந்தை வந்ததிலேர்ந்து, நீ வந்துட்டுப் போனா மறுநாள் அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டுடுவோம். அவரும், 'உங்க டாக்டர் வந்தாரா?'ன்னு கேட்டுட்டுத்தான் பையையே திறப்பாரு. எங்க வீடுன்னு இல்ல, எல்லா வீட்டுலயும் அப்படித்தான். உங்க அத்தானுக்கு மட்டும், நீ பிரிண்டர் பாத்துட்டுப் போன சமயத்துல கடைக்காரர் கிடைக்கலையாம், வெளியூர் போயிட்டாராம், அத்தான் எங்களுக்கு போன் பண்ணிப் புலம்பினாரு."

டாக்டர் கையிலிருந்த பதினோரு வீட்டுச் சீட்டை நாலாக மடித்தார். "அப்புறம் ஏன் சித்தி என்னைக் கூப்பிடறீங்க?"

சித்தி அவர் தலைமுடியைக் கோதிவிட்டாள். "இந்த நாற்காலியில உக்காந்து நீ தட்டறப்ப உன் முகத்துல எவ்வளவு சந்தோஷம் தெரியுது! அதைப் போய் எப்படிடா கெடுக்கறது?"

அன்றைய டீ அவருக்கு ருசிக்கவில்லை. ஆனால் குடித்தார். மிச்சம் எட்டு வீடுகளுக்குப் போகவில்லை. போகத் தேவையும் இல்லை.

இப்போது நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் ஞாபகம் வந்த முகத்தை நினைத்து, 'அவனுக்கு இதைப் படிக்கக் கொடுக்கணும்' என்றும் முடிவு செய்திருப்பீர்கள். கொடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் மச்சினி வீட்டுக் குழாயை நீங்கள்தானே இறுக்கினீர்கள்? அண்ணனுக்கும் அண்ணிக்கும் சண்டை வந்தபோது நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்து வைத்தவரும் நீங்கள்தானாமே? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்ன படிக்கலாம் என்று ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்தீர்களே, அன்றைக்கு அவர்கள் உங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள் அல்லவா? எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவர்கள் அத்தனை பேரும் உங்களிடம் சொன்னார்கள். சந்தோஷமாக இருங்கள். அடுத்த முறை கூப்பிட்டாலும் தயங்காமல் போங்கள். கிளம்பும்போது மட்டும், மறுநாள் காலை அந்த வீட்டுக் கதவை யார் தட்டப்போகிறார் என்று கேட்டுவிடாதீர்கள்.